முந்நூறு சதுர அடியில் ஒரு செட்டிநாடு!

(மூன்றாமாண்டு அமைப்பியல் மாணவி ஒருத்தியின் எண்ணங்கள்)



நம்ம ஊரைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறார்கள். காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கானாடுகாத்தானிலும், ஆத்தங்குடியிலும், காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலிலும் அண்ணாந்து பார்த்தபடி நடக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்துவிட்டன. பெருமைதான். யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்த வீடுகளைக் கட்டியவர்களுக்கு இரண்டு வகைப் பேரப்பிள்ளைகள். பணம் போட்டுக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கை போட்டுக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் நம்ம வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறோம்! எங்கள் வகுப்பில் மட்டும் கொத்தனார், ஆசாரி, சித்தாள், பெயிண்டர் வீட்டுப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். நானும் அதில் ஒருத்தி. என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

அப்பா பல வருஷமாகப் பழைய வீடுகளில் பழுது பார்க்கும் வேலைக்குப் போகிறார். ஓட்டலாக மாற்றப்பட்ட பெரிய வீடுகளில் சுவர் பூசியிருக்கிறார், தளம் போட்டிருக்கிறார். ஒருநாள் நான் கேட்டேன்: "ஏம்ப்பா, அந்த வீட்டுல நீங்க போட்ட தரை அவ்வளவு அழகா இருக்கே, நம்ம வீட்டுல ஏன் இப்படி?" அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவுக வீடு அழகா இருக்கணும். நம்ம வீடு ஒழுகாம இருந்தாப் போதும்த்தா."

அப்பா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஏற்கவும் முடியவில்லை. அழகு என்பது பணக்காரர்களுக்குச் சேர்ந்த சாமான், நமக்குக் கூரையும் சுவரும் போதும் என்று நம்ம வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. அதனால் ஒன்று, வீட்டைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம். அல்லது, கையில் நாலு காசு வந்ததும் கடன் வாங்கி எதையாவது வாங்கிச் சுவரில் ஒட்டுகிறோம். இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெரிய வீட்டில் எது அழகு?

பெரும்பாலான செட்டிநாட்டு வீடுகள் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி முதல் 1940-கள் வரை கட்டப்பட்டவை. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்து இரும்பு என்று கப்பலேறி வந்த சாமான்களைத்தான் எல்லோரும் வாய் பிளந்து சொல்வார்கள். வழிகாட்டிகளும் அதையேதான் காட்டுகிறார்கள். இதெல்லாம் நம்மால் முடியாது. அதைப் பற்றி நான் பேசப்போவதும் இல்லை.

ஒரு சிவில் மாணவியாக, அளவு நாடாவோடு நாலைந்து வீடுகளை நின்று பார்த்தபோது எனக்குப் பட்டது வேறு. அந்த வீடுகளின் அழகில் பெரும் பங்கு, காசே கேட்காத நாலு பழக்கங்களில் இருக்கிறது.

ஒன்று: நேர்கோடு. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, சமையக்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் தெரியும். நிலைகள் ஒரே நேரில் நிற்கும். கண்ணும் ஓடும், காற்றும் ஓடும். வீடு இன்னும் நீளமாகத் தெரியும்.

இரண்டு: அலங்காரம் வாசலில்தான். நிலைவாசலில் யானையும் அன்னமும் இலட்சுமியும் கொடியும் பூவுமாகச் செதுக்கித் தள்ளியிருப்பார்கள். உள்ளே இருக்கும் அறைகளுக்குப் போனால் சாதாரணக் கதவு, சாதாரணச் சுவர். காசை எங்கும் இறைக்கவில்லை. வந்தவர் முதலில் நிற்கிற இடத்தில் வைத்தார்கள்.

மூன்று: நிறம் தரையில், வெள்ளை சுவரில். தரையில் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் இருக்கும். சுவரில் சுண்ணாம்பு வெள்ளை. வளவில் விழும் வெயில் சுவரில் பட்டுத் திரும்பி அறைக்குள் போகும். பகலில் விளக்குத் தேவைப்படாது.

நான்கு: காலியிடம். வளவிலும் பட்டாலையிலும் சாமான் அடைசல் இருக்காது. உட்காரப் பாய், திண்ணை, எங்கேயாவது ஓர் ஊஞ்சல். மீதி எல்லாம் அறைக்குள். நூறு பேர் சாப்பிட உட்கார இடம் வேண்டும் என்றுதான் அப்படி விட்டார்கள். ஆனால் கண்ணுக்குக் கிடைக்கிற நிம்மதி அதிலிருந்துதான் வருகிறது.

இந்த நாலில் எதற்குப் பர்மாத் தேக்கு வேண்டும்? சொல்லுங்கள் பார்ப்போம்!

கல்பட்டறையில் ஒரு பாடம்

ஆத்தங்குடிக் கல் என்றதும் நினைவு வருகிறது. என் அத்தை அங்கே ஒரு கல்பட்டறையில் வேலை பார்க்கிறாள். நம்ம பாடப்புத்தகத்தில் டைல்ஸ் பற்றி ஒரு பக்கம் வரும். அத்தை சொல்லிக் கொடுத்தது அதைவிடத் தெளிவாக இருந்தது.

முதலில் ஒரு கண்ணாடித் தகட்டைத் துடைத்து வைக்கிறார்கள். அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிமெண்டும் வண்ணப்பொடியும் கரைத்த குழம்பை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிவப்பு ஓரிடம், மஞ்சள் ஓரிடம். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது! அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக்கலவை வைத்து மட்டம் செய்து, காயவிட்டு, சில நாள் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பிறகு கண்ணாடி தனியாகக் கழன்றுவிடுகிறது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது. கண்ணாடி தந்த வழவழப்புத்தான் மினுமினுப்பு. நடக்க நடக்க இன்னும் பளபளப்பாகும்.

அத்தை ஒருநாளில் எத்தனையோ கல்லுக்குப் பூப் போடுகிறாள். அவள் வீட்டுத் தரையோ வெறும் சிமெண்டு. வெடிப்பு வேறு. அப்பா சொன்ன அதே சொல்லைத்தான் அவளும் சொல்கிறாள். "நமக்கெதுக்குத்தா பூக்கல்லு?"

இப்போது ஆத்தங்குடி டிசைனை இயந்திரத்தில் அச்சடித்த டைல்ஸும் கடைகளுக்கு வந்துவிட்டது. அச்சடித்த பூவை வாங்கி ஒட்டத் தவணை கட்டுகிறார்கள். நிஜப் பூவைப் போடும் கைகளுக்கு வேலை குறைகிறது. கைக்காரர்களே தங்கள் கைவேலையை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

தவணையில் வந்த அழகு

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. பெரிய பெண்ணைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டை 'மாடர்னா' மாற்ற நினைத்தார்கள். செல்போனில் பார்த்த வீடியோ மாதிரியே வேண்டுமாம். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீலக்கலர் விளக்கு, ஒரு பக்கச் சுவருக்குப் பி.வி.சி. பேனல், டி.வி.க்கு ஒரு யூனிட். குழுக்கடன் அறுபதாயிரம் வாங்கினார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தவணை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார்களா என்பதே சந்தேகம். பெண்ணுக்கு வேறு இடத்தில்தான் முடிந்தது. ஆனால் தவணை நிற்குமா? அந்த வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். நம்ம பாலிடெக்னிக்கில் விண்ணப்பம் போட்டு, சீட்டும் வந்தது. சேர வேண்டிய வாரத்தில் அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிட்டான். இன்றைக்கு நம்மோடு இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருக்க வேண்டியவன் அவன்.

கூரைக்குக் கீழே ஒரு கூரை. அதற்கு ஒரு பையனின் படிப்பு. இது நியாயமா தோழர்களே?

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரம் வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வதை நாம் படித்திருக்கிறோம். அரசுத் திட்ட வீடுகளில் அதற்கு மேல் பெரிதாக மிச்சம் இருக்காது. அதிலும் அரை அடியைச் சீலிங் தின்றால், மின்விசிறி தலைக்கு மேலே வந்து நிற்கும். சித்திரை வெயிலில் புழுங்கும். கீழ்ச்சுவரில் ஓதம் இருந்தால் பேனலுக்குப் பின்னால் அது மறைந்து வளரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. செட்டிநாட்டு மாளிகைகளுக்கான பணத்தில் பெரும் பங்கு பர்மா, மலேயா, இலங்கையில் நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்தது. 1930-களின் பெருமந்தத்தில் பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் போக, அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் அதையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. அப்புறம் எத்தனையோ வீடுகள் விலைபோயின. தூணும் கதவும் நிலையும் பிரிக்கப்பட்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றும் நிற்கின்றன. வட்டி வாங்கியவர்கள் கட்டிய வீட்டை, நாம் வட்டி கட்டிக் காப்பியடிக்கிறோம்!

இதை யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அதே சமூகத்தில் பிறந்த வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்ததால்தான் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊருக்கு வந்தது. காரைக்குடியில் படிக்கிற யாரும் அவரை மறக்க முடியாது. பணத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாடம் நமக்கும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு

சும்மா பேசினால் போதுமா, செய்து காட்ட வேண்டாமா? எங்கள் வீடு பசுமை வீடுகள் திட்டத்தில் 2013-இல் கிடைத்தது. 300 சதுர அடி. ஒரு ஹால், ஓர் அறை, சமையலறை, கழிப்பறை, முன்னால் சின்ன வராந்தா. போன மார்கழி விடுமுறையில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சாக்கில் வேலையைத் தொடங்கினோம். மேலே சொன்ன நாலு பழக்கங்களையும் அப்படியே பின்பற்றினோம்.

முதல் வேலை நேர்கோடு. எங்கள் வீட்டில் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே பீரோ நின்றது. அதை அறைக்குள் தள்ளினோம். ஜன்னலை மறைத்திருந்த அரிசி மூட்டையையும் நகர்த்தினோம். செலவு ஒன்றும் இல்லை. வாசலில் நின்றால் பின்னால் இருக்கும் முருங்கை மரம் தெரிகிறது இப்போது! ஹாலே இரண்டு மடங்கு ஆனது போல் இருக்கிறது. அம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அடுத்தது வெள்ளை. உரிந்து தொங்கிய பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டி எடுத்தோம். சுண்ணாம்பை முதல் நாளே ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, பசையும் கொஞ்சம் நீலமும் கலந்து இரண்டு கை அடித்தோம். அடுத்தவர்களுக்கும் சொல்கிறேன்: சுண்ணாம்பு கொதிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து, கையில் உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய செட்டிநாட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அந்த வேலைக்கு ஆளும் நாளும் நமக்குக் கட்டாது. ஆனால் அதன் அடிப்படையான சுண்ணாம்பு நமக்குக் கட்டும். சுவர் மூச்சுவிடும். சுண்ணாம்புச் சுவர் மேல் பிளாஸ்டிக் பெயிண்டை அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

மொட்டை மாடிக்கும் வெள்ளையடித்தோம். வெயிலில் பாதி திரும்பிப் போய்விடுகிறது போல, மதியம் ஹாலில் உட்கார முடிகிறது. இது ஏதோ பட்டிக்காட்டு யோசனை என்று நினைக்காதீர்கள். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டிருக்கிறது.

பிறகு வாசல். அத்தையின் பட்டறையில் மூலை உடைந்தது, நிறம் சேராதது என்று ஒதுக்கிவைத்த பூக்கல் பதினாலு வாங்கினோம். முதலாளி பாதி விலைக்கும் கீழே கொடுத்தார். வராந்தாவில் வாசப்படியை ஒட்டி ஒரே ஒரு பட்டையாக அப்பா பதித்தார். நிறம் சேராத கற்களை ஒன்றுவிட்டு ஒன்று வைத்ததும் அதுவே ஒரு டிசைனாகிவிட்டது. மற்ற தரை பழைய சிமெண்டுதான். அதில் அம்மா வெள்ளி, செவ்வாயில் மாக்கோலம் போட்டுக் காவி இழுக்கிறாள். நகரத்தார் வீடுகளில் நடுவீட்டுக் கோலம் என்று ஒன்று உண்டே, அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கை அது.

திரைக்கு அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலைகள் இரண்டு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்க் கண்டாங்கிதான்! கட்டம் போட்ட அரக்கும் மஞ்சளும் வெள்ளைச் சுவரில் எப்படி எடுக்கிறது என்று வந்து பாருங்கள். அப்பத்தா பனையோலையில் கொட்டான் முடைந்தாள். ஓலை பக்கத்துத் தோப்பில் கிடைத்தது, சாயப்பொடிக்கு மட்டும் காசு. வெங்காயம், சீப்பு, என் பேனா, மருந்துச் சீட்டு என்று சிதறிக் கிடந்ததெல்லாம் இப்போது கொட்டானுக்குள். ஓர் இடிப்பு வீட்டில் வாங்கிய இரண்டு பலகையில் என் புத்தகங்களுக்கு அலமாரி. எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக ஏறியது புத்தகம்தான்.

கணக்குக் கேட்பீர்களே, இதோ:

சுண்ணாம்பு, பசை, நீலம், பிரஷ் – 900 ரூபாய்
மிச்சப் பூக்கல் 14 – 420 ரூபாய்
சிமெண்டு, மணல் – 250 ரூபாய்
பலகை, ஆங்கிள், திருகு – 470 ரூபாய்
கொட்டானுக்குச் சாயம் – 60 ரூபாய்
திரைக் கம்பி – 180 ரூபாய்
மஞ்சள் ஒளி எல்.இ.டி. பல்பு 2 – 200 ரூபாய்
செடிகள் (பழைய பெயிண்ட் டப்பாவில்) – காசில்லை
ஆக மொத்தம் – 2,480 ரூபாய்!

கூலி சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்பாவுக்கு மூன்று நாள், எங்களுக்கு ஒரு வாரம். கையில் தொழில் உள்ள குடும்பம் என்பதால் அது மிச்சம். அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கவேண்டியது மிகக் குறைவு. விலை மதிப்புள்ள அந்தக் கைவேலை ஏற்கெனவே நம்ம வீட்டில் இருக்கிறது. ஊர்வீடுகளுக்கெல்லாம் அதைக் கொடுக்கிறோம். நம் வீட்டுக்கு மட்டும் கொடுப்பதில்லை.

உலகம் என்ன சொல்கிறது?

இது எங்கள் வீட்டு யோசனை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் வாழ்நாள் முழுவதும் இதைத்தான் செய்து காட்டினார். செங்கல்லைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ராட்-டிராப் பாண்டு முறையை அவர் பரப்பினார். ஏறக்குறைய கால் பங்குச் செங்கல் மிச்சம், சூடும் குறைவு. பூச்சே இல்லாமல் செங்கல்லின் அடுக்கையே அழகாக்கினார்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கும் வடிவம் தந்தவர் அவர்தான். அங்கே நம்ம செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அதே வளாகத்தில் நெசவாளி வீடும் குயவர் வீடும் நிற்கின்றன. டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் எல்லா வீட்டுக்குள்ளும் அதே மரியாதையோடுதான் நுழைகிறார்கள். நம்ம ஊரில் நம்ம வீட்டுக்கு அந்த மரியாதையை நாம் தருகிறோமா?

ஜப்பானில் யானகி சோயெட்சு என்ற அறிஞர், பெயர் தெரியாத கைவினைஞர்கள் செய்த சாதாரணக் கிண்ணத்திலும் துணியிலும் கூடையிலும்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று வாதாடி, 1936-இல் டோக்கியோவில் அதற்கென்று ஓர் அருங்காட்சியகத்தையே திறந்தார். அப்பத்தாவின் கொட்டானை அவர் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்!

சிலர் கேட்கலாம்...

"வாடகை வீட்டுல இருக்கோம், ஆணி அடிச்சாலே ஓனர் கத்துவார்" என்கிறாள் என் தோழி. சரி. பூக்கல் பதிக்க வேண்டாம். பீரோவை நகர்த்த ஓனர் அனுமதி வேண்டுமா? திரை, கொட்டான், செடி, விளக்கு எல்லாம் நம்மோடு அடுத்த வீட்டுக்கும் வரும்.

"இதெல்லாம் பொம்பளப் பிள்ளைங்க வேலை" என்கிறான் ஒரு மெக்கானிக்கல் தம்பி. ஆத்தங்குடிக் கல்லைப் போடுவதும் நிலையைச் செதுக்குவதும் தூணைக் கடைவதும் யார் வேலை தம்பி? ஊர் வீட்டில் கூலிக்குச் செய்தால் ஆண்பிள்ளை வேலை, சொந்த வீட்டில் செய்தால் பெண்பிள்ளை வேலையா?

"பழசைக் கட்டிக்கிட்டு அழறீங்க, உலகம் எங்கேயோ போகுது" என்றும் சிலர் சொல்லலாம். எங்கள் வீட்டில் எல்.இ.டி. இருக்கிறது, செல்போன் இருக்கிறது. புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கடனில் வரும் பொய் வேண்டாம் என்கிறேன். விரலுக்கேத்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னதை, 'உனக்கு இவ்வளவுதான்' என்று பொருள் கொள்ள வேண்டாம். இந்த விரலுக்கு எவ்வளவு வேலை தெரியும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொருவர் கேட்டது கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. "அன்றாடம் சோத்துக்கே பாடு, இதுல அழகு ஒரு கேடா?" கேடில்லைங்க. முன்பெல்லாம் வீட்டுக்கு யாரும் வருவதே அம்மாவுக்குப் பிடிக்காது. இப்போது வராந்தாவில் பாய் விரித்து, "உள்ளே வாங்க" என்று குரல் கொடுக்கிறாள். என் தம்பி சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறான். முன்பு அங்கே அரிசி மூட்டை இருந்தது. வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர்களுக்குத்தான் நல்ல வீடு அதிகம் தேவை.

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே! இன்னும் சில மாதங்களில் நம் கையில் டிப்ளமா இருக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடுகள் கிராமங்களில் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வேலைகளுக்குச் சூப்பர்வைசராகப் போகப்போகிறவர்கள் நாம்தான். எதிரெதிரே இரண்டு ஜன்னல், நேராக இரண்டு கதவு, வாசலில் ஒரு சின்னத் திண்ணை... கட்டும்போதே யோசித்தால் இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. வீட்டுக்காரர் கேட்க மாட்டார், அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பேரவைக்கு என் வேண்டுகோள் இது. வருகிற பொங்கலுக்குள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் மூலம் பத்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். சிவில் மாணவர்கள் அளவெடுத்து, எதை எங்கே நகர்த்தலாம் என்று படம் போடட்டும், மாடிக்கு வெள்ளையடிக்கட்டும். மெக்கானிக்கல் மாணவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வீணாகும் ஆங்கிள் துண்டுகளில் அலமாரி பற்றவைத்துத் தரட்டும். எலக்ட்ரிக்கல் மாணவர்கள் தொங்கும் வயர்களைச் சரிசெய்து நல்ல விளக்குப் போடட்டும். பூக்கல் பதிக்க என் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூலி வேண்டாமாம், மதியச் சாப்பாடு மட்டும் போட வேண்டுமாம்!

முதல் வீடு எது என்றும் யோசித்துவிட்டேன். ஆயிரக்கணக்கான கல்லுக்குப் பூப் போட்டுவிட்டு, வெடித்த சிமெண்டுத் தரையில் படுத்துறங்கும் என் அத்தை வீடுதான். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அமைப்பியல் மூன்றாமாண்டு வகுப்பில் என்னைப் பார்க்கலாம். பிரஷ் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் கையை மட்டும் கொண்டு வந்தாலும் போதும்.